ஒரு கிதாரும் ஐந்து ராஜபார்ட்டுகளும்

சனிக்கிழமை மாலைதோறும் பெரிய வீட்டுத் திண்ணையில் கூடும் தம்பிமார்களுக்கும், அவர்களோடு சரிக்குச் சரியாக வழக்காடும் ஒரே தங்கைக்கும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதும் மடல்.

சென்ற வாரம் இரவு ஒன்பதரை மணி வரையில் நீங்கள் நடத்திய வாதத்தின் உக்கிரம் தாங்காமல் மேலைவீட்டு ஆச்சி இரண்டு முறை ஜன்னலைத் திறந்து பார்த்ததும், மூன்றாம் முறை திறக்குமுன் உங்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்களே சொல்லுங்க, ஆஸியா, டியோவா?" என்று வழக்கை என் தலையில் இறக்கிவைத்ததும், "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். வாயால் சொல்லத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்திலேயே குறுக்கே விழுவீர்கள் என்பது வகுப்பறையில் கழித்த முப்பத்தெட்டு ஆண்டுகளின் அனுபவமாதலால், எழுதியே விட்டேன். திறந்த மடலென்றால் அது திண்ணைத் தூணில் இருப்பதே முறை. எனினும் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தேக்கின்மீது பசை தடவ மனம் வராமையால் நூல்கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்களும் நின்று படிக்கலாம். படித்துவிட்டு, வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போகவும் போகலாம்.

இந்த விவகாரத்தில் அபிப்பிராயம் கூற எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களானால், சாவிக்கொத்து என்னிடம் இருக்கிறது என்பதே முதல் யோக்கியதை. பெரிய வீட்டார் சென்னையிலும் கோலாலம்பூரிலுமாகத் தங்கிவிட்டபடியால், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதும் சனிக்கிழமை உங்களுக்குத் திண்ணையைத் திறந்துவிடுவதும் என் பொறுப்பாயின. முதல் நாள் நீங்கள் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டபொழுது, நான் என் வீட்டு இரண்டாங்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பித்தளைத் தூக்கின் மூடி கிர்ரென்று அதிரத் தொடங்கிற்று. கையால் அமுக்கினேன், நின்றது. எடுத்தேன், மீண்டும் அதிர்ந்தது. தெருவுக்கு அப்பால் எவனோ தந்தியை மீட்ட, என் பாட்டியின் சீதனப் பாத்திரம் பதில் சொல்கிறதே என்ற ஆச்சரியத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன்தான், இரண்டு வருஷமாக உங்கள் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பகலெல்லாம் மின்வேதியியல் ஆய்வகத்தில் இரும்பு துருப்பிடிக்கும் விதத்தை ஆராய்ந்துவிட்டு மாலையில் அந்த இரும்பையே பாட்டாகக் கேட்க வருகிற தம்பி, அந்தக் குழுவின் பெயர் பிளாக் சப்பாத் என்றும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலைப் பேட்டையில் 1968இல் கூடியவர்கள் என்றும், ஹெவி மெட்டல் என்ற வகைக்கே அவர்கள்தாம் ஆதிகர்த்தர்கள் என்றும் பொறுமையோடு எடுத்துரைத்தார்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டின் முதற்பாட்டை அவர் போட்டுக் காட்டினார். மழை பெய்கிறது, எங்கோ மணி அடிக்கிறது, பிறகு கிதாரில் மூன்றே ஸ்வரங்கள். கீழ்ச் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து சரிந்து பிரதிமத்தியமம். நம் வித்வான்கள் கல்யாணியில் இதே பிரதிமத்தியமத்தைப் பஞ்சமத்தின் மடியில் கிடத்திக் கொஞ்சுவார்கள். இவர்களோ அதைப் பெற்ற தாயிடமிருந்து பிரித்து நடுத்தெருவில் நிறுத்தி நடுங்கவைத்துவிட்டார்கள். ஐரோப்பிய சங்கீத சாஸ்திரத்தில் இந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தபொழுது, நான் வியப்படையவில்லை.

என் இரண்டாவது யோக்கியதை என் தகப்பனார். அவர் ஆர்மோனியக்காரர், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் வட்டாரத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். ஸ்பெஷல் நாடகம் என்பது கம்பெனி நாடகம் போன்றதன்று. கம்பெனியில் ஒரே குழுவினர் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சி ஒத்திகை பார்ப்பார்கள்; ஸ்பெஷலிலோ, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகை என்பதே இல்லாமல் அன்றிரவு மேடையிலேயே ஒருவரையொருவர் சந்தித்து, 'வள்ளி திருமண'த்தை விடியும் மட்டும் நடத்திக்கொடுக்க வேண்டும். அவர்களை ஒரு குழுவாகக் கட்டிவைப்பவை இரண்டே இரண்டு: சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துப்போன பாடம் ஒன்று, மேடையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியம் மற்றொன்று. வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வருகிற ராஜபார்ட் ஊருக்கு ஊர் மாறுவார், பெட்டிக்காரர் மாறமாட்டார். புதிய ராஜபார்ட் ஒப்பனைக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் என் தகப்பனார் அவர் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்கிற கேள்வி, "எத்தனை கட்டை?" என்பதுதான். நாலா, நாலரையா, ஐந்தா என்று தெரிந்துகொண்டு, அந்தத் தொண்டைக்குத் தக்கபடி அன்றைய இரவு முழுவதையும் தம் மனத்துக்குள் மாற்றி அமைத்துக்கொள்வார்.

பிளாக் சப்பாத்தின் ஆர்மோனியக்காரர் டோனி அயோமி. அவர்களுடைய பத்தொன்பது ஸ்டூடியோ இசைத்தட்டுகளிலும் விடாமல் இருக்கிற ஒரே மனிதர் அவர்தான். பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் கொண்டுபோயிற்று; இடக்கைப் பழக்கக்காரராதலால், தந்தியை அழுத்தவேண்டிய கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசிக்கத் தொடங்கினார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டிலிருந்து, தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கிக்கொண்டார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதம், காதுக்குப் பாரம். என் வீட்டுத் தூக்குமூடி அதிர்ந்ததும் அந்த மூன்றாம் தட்டின் பாட்டுக்குத்தான் என்று ஆய்வகத்துத் தம்பி பின்னர் கண்டுபிடித்துச் சொன்னார். அறுந்த விரலின் நோவு, ஐம்பது வருஷமும் ஐயாயிரம் மைலும் கடந்து வந்து, காரைக்குடியில் ஒரு பித்தளையை அசைத்திருக்கிறது.

வழக்குக்கு வருகிறேன். நீங்கள் செய்கிற பிழை, ஒரே பாட்டை பிளாக் சப்பாத்தின் பாடகர்கள் ஐந்து பேர் தொண்டையிலும் கேட்டு, யார் நன்றாகப் பாடினார் என்று தராசு பிடிப்பது. இதே பிழையை எங்கள் வட்டாரத்து நாடக ரசிகர்கள் உங்களுக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். வேலனாக மேடையை ஆண்ட செங்கோட்டைக் கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். அதன்பின் 'காயாத கானகத்தே' என்று மேடையேறிய ஒவ்வொரு வேலனையும் சபையோர் கிட்டப்பாவைக் கொண்டே அளந்தார்கள். அளந்து, தோற்கடித்து, வெற்றிலை போட்டுத் துப்பினார்கள். என் தகப்பனார் சொல்வார்: "கிட்டப்பா பாட்டை இன்னொருத்தன் பாடினா, கேக்குறவன் காதுல ரெண்டு பேர் பாடுறாங்கடா. ஒருத்தன் செத்தவன். அவன்தான் ஜெயிப்பான்."

தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று பாருங்கள். தியாகராஜ பாகவதர் கிட்டப்பாவின் நிழலில் ஒதுங்காமல், பாபநாசம் சிவன் தமக்கென்றே இயற்றித் தந்த பாட்டுகளில் ஏறி அமர்ந்துகொண்டார். கிட்டப்பாவின் மனைவி சுந்தராம்பாளோ, கணவருக்குப் பின் வேறொரு வேலனுக்கு வள்ளியாக நிற்க மனமில்லாமல், 1935இல் தாமே ஆண்வேடம் பூண்டு 'நந்தனார்' படத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய் என்பதை அந்நாளில் எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளைகள்கூட வாய் பிளந்து பேசியதாகச் சொல்வார்கள். கிட்டப்பாவின் பாட்டைக்கொண்டே வென்றவர் சோழவந்தான் பக்கத்து டி.ஆர். மகாலிங்கம் ஒருவர்தான், நம் ஊர் மெய்யப்பச் செட்டியாரின் 'ஸ்ரீவள்ளி'யில் 1945இல் அதே 'காயாத கானகத்தே'யைப் பாடி அவர் நாட்டையே ஆட்டிவைத்தார் என்றால், அதற்கு ஏறத்தாழ அதே வார்ப்பில் ஒரு தொண்டை அவருக்கு வாய்த்திருந்ததே காரணம். அவ்வாறு வாய்ப்பது நூற்றுக்கு ஒன்று.

ஆகவே என் அளவுகோல் இதுதான். ஒரு பாடகரை, அவருக்கென்றே பிறந்த பாட்டைக்கொண்டு அளக்க வேண்டும். அவர் வந்தபின் ஆர்மோனியக்காரரின் விரல் எந்தப் பக்கம் திரும்பிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோலை எடுத்துக்கொண்டு ஐந்து பேரிடமும் போனேன்.

முதலாமவர் ஆஸி ஆஸ்போர்ன். கார் ஹாரன்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையிலும், மாடறுக்கும் கொட்டிலிலும் இருந்துவிட்டு, 'பாடகனுக்கு இடம் வேண்டும். சொந்த மைக் செட் உண்டு' என்ற பொருளில் இசைக்கருவிக் கடையில் விளம்பரம் ஒட்டியவர். சாரீரத்தைக் காட்டிலும் மைக் செட்டுக்காகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்று ஒரு பரிகாசம் உண்டு. நம் ஊரிலும் மைக் செட் வைத்திருப்பவர் பாட ஆசைப்பட்டால் யாரும் தடுக்க முடியாதல்லவா? அவருடைய குரலில் விஸ்தாரம் இல்லை, கமகம் இல்லை, நாபியிலிருந்து எழுவதில்லை, மூக்கின் அருகே எங்கோ பிறந்து, சந்தைக்கடை ஏலக்காரனுடைய குரல்போல நேர்கோடாய்ப் போகிறது. ஆனால் கூர்ந்து கேளுங்கள். 'அயர்ன் மேன்' போன்ற பாட்டுகளில் கிதார் எந்த வழியே போகிறதோ அதே வழியே, அதே ஸ்வரங்களில், நிழல்போல அவர் குரலும் போகிறது. நீங்கள் ரிஃப் என்கிறீர்களே, நான் அதைக் கிதாரின் பல்லவி என்பேன். அந்தப் பல்லவியே பாட்டின் மெட்டும் ஆகிவிடுகிறது. நம் சம்பிரதாயத்தில் பாடுகிறவரைப் பின்பற்றி வாத்தியம் போகும். இங்கே வாத்தியத்தைப் பின்பற்றிப் பாடகர் போகிறார். சொற்களைப் பெரும்பாலும் எழுதித் தந்தவர் பாஸ் கிதார் வாசித்த கீசர் பட்லர். ஆஸி அவற்றைத் தம் பயமாகவே ஆக்கிக்கொண்டு, பேயைக் கண்ட பையன் அம்மாவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறார். அந்த முதற்பாட்டில் பிரதிமத்தியமம் நடுங்குகிறது என்றேனே, அந்த நடுக்கத்துக்கு மனித உருவம் கொடுத்தால் அதுதான் ஆஸியின் குரல். பெரிய வித்வான் ஒருவர் அங்கே நின்று பாடியிருந்தால், பேய் பயந்து ஓடியிருக்கும். பாட்டும் கூடவே ஓடியிருக்கும்.

1970 முதல் 1978 வரை எட்டுத் தட்டுகள். பிறகு மதுவும் மருந்தும் மிஞ்சிப்போய் 1979இல் வெளியேற்றப்பட்டார். அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை மெடல் வாங்கியவன் இன்று மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். புதுக்கோட்டைச் சின்னப்பா அப்படி நீங்கியவர்தாம் என்பதும், 1940இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடத்தோடு திரும்பி வந்து அனைவரையும் வாயடைக்கச் செய்தார் என்பதும் இந்த ஊர்க் கிழவர்களுக்கு மனப்பாடம். ஆஸியும் வெளியே போய்த்தான் இன்னும் பெரிய பெயர் எடுத்தார். அது வேறு கதை. உங்கள் திண்ணையிலேயே இரண்டு மாதம் ஓடிய கதை.

அடுத்தவர் ரானி ஜேம்ஸ் டியோ. ஐந்து வயதிலிருந்து டிரம்பெட் ஊதிப் பழகியவர். அந்த மூச்சுப் பயிற்சியே தம் சாரீரத்துக்கு அஸ்திவாரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாகசுரக்காரர் வீட்டுப் பிள்ளை பாட வந்தால் மூச்சு எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது நமக்குத் தெரியாததா? குள்ளமான உருவத்திலிருந்து அத்தனை கனத்த நாதம் வருவதை முதன்முறை கேட்டபொழுது, பெரிய வீட்டு ஆல்வீட்டுக் கூடத்துக்குள் நின்று ஒருவர் பேசினால் முற்றம் முழுவதும் எதிரொலிப்பதுபோலத் தோன்றிற்று. ஆனால் குரலின் பெருமை அல்ல நான் சொல்ல வந்தது. 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' தட்டில் கிதாரின் நடையே மாறிவிட்டது. பாடகர் இப்போது கிதாரின் பின்னே நடக்கவில்லை. கிதார் கீழே நான்கு அடி நகர்வதற்குள் மேலே இவர் தமக்கென ஒரு தனி மெட்டை எழுப்பி, மாடம் வைத்து, கோபுரம் வைத்துவிடுகிறார். அதனால் அயோமி முன்போல ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிராமல், பாடகருக்கு இடம் விட்டு, அடியில் பந்தல்கால்போல நின்று தாங்கக் கற்றுக்கொண்டார். சொற்களையும் டியோவே எழுதினார். ஆக, ராஜபார்ட்டும் அவரே, வாத்தியாரும் அவரே. நாற்பது வயதை நெருங்கிய ஒரு பாடகர், பன்னிரண்டு வருஷம் பழகிய ஒரு குழுவின் கட்டையையே மாற்றி அமைத்தார் என்றால், அது சாமானியமான காரியமன்று.

இடையே ஒரு செய்தி. நீங்கள் கையை உயர்த்தி ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிறீர்களே, அந்த முத்திரையை மேடையில் பிரபலமாக்கியவர் இந்த டியோதான். அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிய அப்படிக் காட்டுவாராம். மேலைவீட்டு ஆச்சி அதைக் கண்டு ஏதோ துர்த்தேவதை வழிபாடு நடக்கிறதென்று கலங்கிப்போயிருந்தார், திருஷ்டி கழிக்கத்தான் என்று நான் விளக்கியபின், "அப்படியா? நல்ல பிள்ளைகதான்" என்று ஜன்னலை மூடிக்கொண்டார். அன்று முதல் ஆச்சி டியோ கட்சி என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

டியோவுக்கும் ஒரு சோதனை இருந்தது. மேடையில் ஆஸியின் பாட்டுகளையும் அவர் பாட வேண்டியிருந்தது. 'லைவ் ஈவில்' என்ற நேரடிப் பதிவில் அவை இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்வரமும் பிசகவில்லை; எல்லாம் அழகாக, கம்பீரமாக, மெருகேற்றி இருக்கிறது; பயம் மட்டும் இல்லை. என் தகப்பனார் சொன்ன அந்த இரண்டாவது ஆள், அங்கேயும் காதுக்குள் நின்று பாடுகிறான். இத்தனைக்கும் அவன் அப்போது உயிரோடுதான் இருந்தான். அந்தப் பதிவைக் கலக்கும்போது பாட்டின் ஒலியை யார் உயர்த்தினார்கள், கிதாரின் ஒலியை யார் உயர்த்தினார்கள் என்று சந்தேகமும் வசையும் எழுந்து, குழு 1982இல் உடைந்தது. ராஜபார்ட்டுக்கும் பெட்டிக்காரருக்கும் இந்தச் சண்டை வராத திருவிழாவை நான் சிறுவயதில் பார்த்ததில்லை.

இயான் கில்லனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டீப் பர்ப்பிள் குழுவின் மகாகண்டம். உச்சஸ்தாயியில் அவர் போடுகிற கூச்சலுக்கு ஈடில்லை. 1983இல் 'பார்ன் அகெய்ன்' என்ற ஒரே தட்டு. அவருக்காக பிளாக் சப்பாத் மேடையில் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டை வாசித்தது. வந்த மருமகனுக்காக மாமியார் வீட்டில் சம்பந்தி வீட்டுச் சமையலைச் செய்து போட்ட கதை. அந்தப் பயணத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை மேடையில் நிறுத்துவதற்காகக் கொடுத்த அடிக்கணக்கு மீட்டர்க்கணக்காகிவிட, எந்த அரங்கிலும் நுழையாத பூதாகாரமான கற்கள் வந்து சேர்ந்தன என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கில்லனும் அந்தக் கற்களைப் போலத்தான்: குறையொன்றுமில்லை, இடந்தான் போதவில்லை.

கிளென் ஹியூஸ் 1986இல் ஒரு தட்டுக்கு வந்தார். இனிமையான, 'சோல்' என்னும் மேல்நாட்டுப் பாட்டின் வாசம் வீசும் குரல். அந்தத் தட்டே அயோமி தனியாக வெளியிட எண்ணியது, வியாபாரிகளின் வற்புறுத்தலால் குழுவின் பெயரையும் ஏற்றுக்கொண்டது. சுற்றுப்பயணம் தொடங்குமுன் நடந்த ஒரு கைகலப்பில் முகத்தில் அடிபட்டு, சில இரவுகளிலேயே குரல் மங்கி ஹியூஸ் விலகினார். அவரைக் கொண்டு இந்தக் குழுவை எடைபோடுவது இருவருக்கும் அநீதி, மேலே போகிறேன்.

இனி, உங்களில் எவரும் வாயே திறக்காத ஒருவர்: டோனி மார்ட்டின். இரண்டு வருஷச் சனிக்கிழமைகளில் அவருடைய பாட்டு இந்தத் திண்ணையில் இரண்டே முறைதான் ஒலித்தது. அதிலும் ஒரு முறை கைதவறி. பர்மிங்ஹாமிலேயே பிறந்தவர், ஆஸிக்கு அடுத்தபடியாக அதிகத் தட்டுகளில், அதாவது ஐந்தில், பாடியவர். அவர் உள்ளே வந்த விதத்தைக் கேளுங்கள். ஹியூஸுக்கு மாற்றாக வந்த ரே கில்லென் என்ற இளைஞர் (பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல) ஒரு தட்டு முழுவதையும் பாடிவைத்துவிட்டு விலகிப்போனார்; அதே மெட்டுகளில், அதே இடங்களில் தம் குரலை வைத்துத் திரும்பப் பாடும்படி மார்ட்டினிடம் சொன்னார்கள். 1987இல் 'தி எடர்னல் ஐடல்' அப்படித்தான் வெளிவந்தது. சற்று முன் சொன்ன 'ஸ்ரீவள்ளி'யில், வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராமல், மெய்யப்பச் செட்டியார் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அசையும் உதட்டுக்கு வேறொரு குரலைப் பொருத்தினாரல்லவா, ஏறத்தாழ அதே வேலை. மற்றவன் தைத்துவைத்த சட்டைக்குள் கையை நுழைத்து, அது தனக்குத் தைத்ததுதான் என்று ஊரை நம்பவைக்கிற வேலை.

ஆனால் 1989இல் வந்த 'ஹெட்லெஸ் கிராஸ்' அவருக்கென்றே பிறந்தது. அதில் அயோமியின் கிதார் ஆஸிக்கு வாசித்ததுபோல இழுத்துக்கொண்டும் போகவில்லை, டியோவுக்கு வாசித்ததுபோலத் தாங்கிக்கொண்டும் நிற்கவில்லை. மழைக்கு முன் வானம் கறுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு வந்து, மார்ட்டினின் குரல் மின்னுவதற்கு இடங்கொடுக்கிறது. அந்தக் குரலில் டியோவின் சாயல் இருக்கிறது என்கிறீர்கள், இருக்கிறது. ஆனால் டியோ ஆணையிடுகிறார், மார்ட்டின் முறையிடுகிறார். இந்த வித்தியாசத்தை ஒரு தடவை கேட்டுக்கொண்டவர்களுக்குப் பின்பு மறக்காது. 1992இல் டியோவைத் திரும்ப அழைத்தார்கள். மார்ட்டினுக்கு விடை கொடுத்தார்கள். அவ்வருஷ நவம்பரில், ஓய்வுபெறப்போவதாக அறிவித்திருந்த ஆஸியின் கச்சேரிக்கு முன்னால் பாட டியோ மறுத்துவிட, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட் இரண்டு இரவுகள் நின்று பாடி மானத்தைக் காத்துக்கொடுத்தார். டியோ போனபின் மறுபடியும் மார்ட்டினைத்தான் கூப்பிட்டார்கள், வந்தார், இன்னும் இரண்டு தட்டுகள் பாடினார். 1997இல் ஆஸி திரும்பியதும் மார்ட்டினுக்கு இடமில்லாமற் போயிற்று. அவருடைய தட்டுகளில் பல வெகுகாலம் கடைகளில் கிடைக்காமலேயே இருந்து, 2024இல்தான் நான்கு தட்டுகள் ஒன்றாகப் பெட்டியில் மறுபடி வெளிவந்தன. கம்பெனியில் கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் வேடம் கட்டுவதற்கென்றே ஒரு பையனை வைத்திருப்பார்கள்; அவன் பத்து வருஷம் கதாநாயகனாகவே நடித்திருந்தாலும் நோட்டீஸில் அவன் பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

2025 ஜூலை 5ஆம் தேதி, ஆஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில், பழைய நால்வரும் கடைசியாக ஒரு முறை கூடினார்கள். பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாத ஆஸி, சிம்மாசனம் போன்ற ஓர் ஆசனத்தில் அமர்ந்தபடியே பாடினார். உங்கள் கைப்பேசியில் நானும் அதைப் பார்த்தேன். சுருதி அங்கங்கே நழுவிற்று. எழுந்து நிற்க முயன்று முடியாமல் கைகளால் ஆசனத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு பாட்டுகள். பதினேழு நாள் கழித்து அவர் இறந்துபோனார். அந்த வாரச் சனிக்கிழமை நீங்கள் பெட்டியைப் போடாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தீர்கள். நான் சாவியோடு வந்து, ஒன்றும் கேட்காமல், திண்ணை விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனேன்.

தீர்ப்பு கேட்டீர்கள். பாடகர் என்ற கணக்கில் டியோவுக்கு மேல் இந்த ஐவரில் ஒருவரும் இல்லை. தனியாக உட்கார்ந்து கேட்கும்போது நான் போடச் சொல்வதும் அவர் பாட்டைத்தான். ஆனால் வழக்கு, பிளாக் சப்பாத்தின் பாடகர் யார் என்பது. டியோவின் பாட்டுகளை மார்ட்டின் மேடையில் பாடியிருக்கிறார், நன்றாகவே பாடியிருக்கிறார், அவை இன்னொரு தொண்டையிலும் உயிரோடு நிற்கின்றன. ஆஸியின் பாட்டுகளை டியோ பாடினார், கில்லன் பாடினார், மார்ட்டின் பாடினார். மூவரும் அவரைவிடத் தேர்ந்தவர்கள். மூவரிடத்திலும் அவை பாட்டாக மட்டுமே இருந்தன. ஆகவே ஆஸி. ஆச்சி மேல்முறையீடு செய்வார், செய்துகொள்ளட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை, வாதத்தைத் தொடங்குமுன், 'ஹெட்லெஸ் கிராஸ்' தட்டை முதலிலிருந்து கடைசி வரை, நடுவில் ஒருவரும் பேசாமல், ஒரு முறை போடுங்கள். பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பாமல் ஆல்வீட்டுப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஆச்சி எட்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். ஆறு மணிக்குச் சாவியோடு வருகிறேன்.